ஆளுநர் ஒரு கட்சி, அவை ஒரு கட்சி

முன்னுரை

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பர் நம் பெரியோர். ஊருக்குப் பதில் அரசே இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம்? யாருக்குத் திண்டாட்டம்? இவ்வினாவுக்கு விடை தேடி நாங்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், பெரிய ஏரிகளின் கரையில், பாலுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பெயர்பெற்ற விஸ்கான்சின் என்றொரு மாநிலம் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 59 இலட்சம். தலைநகர் மாடிசன். அங்கே 2019-ஆம் ஆண்டு தொடங்கி ஆளுநர் ஒரு கட்சியாகவும், சட்டமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்கட்சியின் கையிலும் இருந்தன. அவர்களுக்குள் நடந்த இழுபறியில் பள்ளிக்கூடங்களின் பணமும் மக்களின் வாக்குரிமையும் சிக்கிக்கொண்டன. ஆகவே பள்ளி மாணவியராகிய நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. அதனை இயன்ற அளவு எளிமையாக விளக்க முயல்கிறோம்.

அந்த ஆளுநரும் நம் ஆளுநரும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'ஆளுநர்' என்னும் சொல் ஒன்றே ஆயினும் பொருள் வேறு. நம் நாட்டில் மாநில ஆளுநரை அரசியலமைப்பின் 155-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நடைமுறையில் ஆட்சி நடத்துபவர் முதலமைச்சர். அவருக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருக்க வேண்டும். அது போய்விட்டால் அமைச்சரவையும் போய்விடும். எனவே நம் நாட்டில் ஆட்சி நடத்துபவரும் சட்டமன்றப் பெரும்பான்மையும் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் இருக்க இயலும்.

விஸ்கான்சினில் அப்படியன்று. அங்கே ஆளுநரை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அவரே ஆட்சித் தலைவர். முதலமைச்சர் என்று ஒருவர் இல்லை. பதவிக்காலம் 4 ஆண்டுகள். சட்டமன்றத்தையும் மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். அதில் 33 உறுப்பினர் கொண்ட செனட் என்னும் மேலவையும், 99 உறுப்பினர் கொண்ட அசெம்பிளி என்னும் கீழவையும் உண்டு. கருத்து வேறுபாட்டுக்காக ஆளுநர் அவையைக் கலைக்க முடியாது. அவையும் ஆளுநரைக் கவிழ்க்க முடியாது. ஒரே வீட்டில் இரண்டு பேர், இருவர் கையிலும் சாவி, ஒருவரை ஒருவர் வெளியேற்ற வழியில்லை. இணங்கிப் போனால் இல்லறம். இல்லையேல் நாள்தோறும் வழக்கு!

அதிகாரம் ஒருவரிடமே குவிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்நாட்டு முன்னோர் இவ்வாறு பிரித்து வைத்தனர். சட்டம் இயற்றுவது அவையின் வேலை. நிறைவேற்றுவது ஆளுநரின் வேலை. பொருள் கூறுவது நீதிமன்றத்தின் வேலை. அவை நிறைவேற்றிய மசோதா பிடிக்கவில்லையென்றால் ஆளுநர் அதை மறுக்கலாம். இதற்கு 'வீட்டோ' என்று பெயர். இரு அவைகளிலும் வந்திருக்கும் உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் ஆதரித்தால் அந்த வீட்டோ முறிந்துவிடும்.

பதவி ஏற்கும் முன்பே பூசல்

2018 நவம்பரில் நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டோனி எவர்ஸ், அன்றைய ஆளுநராகிய குடியரசுக் கட்சியின் ஸ்காட் வாக்கரை வென்றார். வாக்கு வேறுபாடு ஏறத்தாழ 29,000 மட்டுமே. எவர்ஸ் முன்பு அறிவியல் ஆசிரியராகவும் பள்ளி முதல்வராகவும் பணிபுரிந்தவர். பின்னர் 2009 முதல் மாநிலத்தின் பொதுக்கல்வித் தலைவராக இருந்தவர்.

ஆனால் அதே தேர்தலில் கீழவையின் 99 இடங்களில் 63 இடங்களைக் குடியரசுக் கட்சியே பெற்றது. மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால், கீழவைக்கு விழுந்த வாக்குகளில் ஜனநாயகக் கட்சியினர் பெற்றவையே அதிகம். சில தொகுதிகளில் போட்டியே இல்லாததும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. எனினும் முக்கியக் காரணம் வேறு. தொகுதிகளின் எல்லைகளை 2011-இல் வரைந்தவர்கள் அப்போது இரு அவைகளையும் ஆளுநர் பதவியையும் தம் கையில் வைத்திருந்த குடியரசுக் கட்சியினர். எதிர்க்கட்சிக்கு வாக்களிப்போரைச் சில தொகுதிகளில் நெருக்கி அடைத்துவிட்டு, மீதத்தைப் பல தொகுதிகளில் சிதறவிட்டால், குறைந்த வாக்கில் நிறைந்த இடம் கிடைக்கும். கோடு போடுபவர் கையில் கொடியும் இருந்தால் வெற்றி யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

புதிய ஆளுநர் பதவி ஏற்பதற்கு முன், 2018 டிசம்பரில் சட்டமன்றம் அவசரமாகக் கூடியது. வரப்போகும் ஆளுநரின் அதிகாரத்தையும் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அதிகாரத்தையும் குறைக்கும் சட்டங்களை நிறைவேற்றியது. பதவியிலிருந்து விலகவிருந்த வாக்கர் டிசம்பர் 14 அன்று அவற்றில் கையெழுத்திட்டார். எவர்ஸ் 2019 ஜனவரியில் நாற்காலியில் அமர்ந்தபோது அதன் கால்கள் சற்றே அறுக்கப்பட்டிருந்தன எனலாம்.

இருவர் கையிலும் ஆயுதம்

அவையின் கையில் இருந்த ஆயுதங்கள் மூன்று. முதலாவது, பேச மறுப்பது. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி விவாதிக்க 2019 நவம்பர் 7 அன்று சிறப்புக் கூட்டம் கூடவேண்டும் என்று ஆளுநர் ஆணையிட்டார். அவைகள் ஆணைப்படி கூடின, மணி அடித்தனர், விவாதமே இன்றிச் சில நொடிகளில் முடித்துக்கொண்டனர். ஆளுநர் கூட்டத்தைக் கூட்டலாம். உறுப்பினரின் வாயைத் திறக்க வைக்க இயலாது!

இரண்டாவது, நியமனத்தை மறுப்பது. துறைத் தலைவர்களை ஆளுநர் நியமித்தாலும் செனட் உறுதிசெய்ய வேண்டும். 2019 நவம்பர் 5 அன்று, ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருந்த வேளாண்மைத் துறைத் தலைவரைச் செனட் ஏற்க மறுத்துப் பதவி இழக்கச் செய்தது. இயற்கை வளக் குழுவில் 2021-இல் பதவிக்காலம் முடிந்த ஓர் உறுப்பினர் இடத்தைவிட்டு எழவே மறுத்தார். அவருக்குப் பதிலாக ஆளுநர் அனுப்பியவரைச் செனட் உறுதிசெய்யாதவரை அவர் இருக்கலாம் என்று 2022-இல் மாநில உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

மூன்றாவது, வழக்குத் தொடுப்பது. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, ஏப்ரல் 7 தேர்தலில் நேரில் வாக்களிப்பதை ஆளுநர் முந்திய நாள் தள்ளிவைத்தார். அவைத் தலைவர்கள் நீதிமன்றம் சென்றனர். அன்றே ஆணை செல்லாது என்றாகிவிட்டது. மறுநாள் மக்கள் முகமூடியுடன் நெடுவரிசையில் நின்றனர். மில்வாக்கி நகரில் வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள் உண்டு; பணியாளர் இல்லாமையால் அன்று திறந்தவை 5 மட்டுமே. வீட்டிலேயே இருங்கள் என்ற அரசின் ஆணையும் அவ்வாண்டு மே 13 அன்று 4-க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி ஆயிற்று. யார் பக்கம் சட்டம் என்பதில் நீதிபதிகளே பிரிந்து நின்றனர். ஆனால் வரிசையில் நின்ற மூதாட்டிக்கு அன்று வேண்டியிருந்தது சட்ட வாதமா? அஞ்சாமல் வாக்களிக்க ஓரிடம் அல்லவா?

ஆளுநரும் வெறுங்கையுடன் இருக்கவில்லை. 2021-22 கூட்டத்தொடரில் மட்டும் 126 மசோதாக்களை அவர் வீட்டோ செய்தார். அம்மாநில வரலாற்றிலேயே அது புதிய எண்ணிக்கை. 2023-இல் குடியரசுக் கட்சியினர் செனட்டில் 33-க்கு 22 என்று மூன்றில் இரண்டு பங்கை எட்டினர். கீழவையிலோ 64 பேரே இருந்தனர்; வேண்டியது 66. இருவர் குறைந்ததால் ஆளுநரின் வீட்டோக்கள் எல்லாம் நிலைத்து நின்றன.

ஒரு பேனா, நானூறு ஆண்டுகள்

இனி நாங்கள் மிகவும் வியந்த நிகழ்ச்சிக்கு வருகிறோம். விஸ்கான்சின் ஆளுநருக்கு வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஓர் அதிகாரம் உண்டு. 1930-இல் செய்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, பணம் ஒதுக்கும் மசோதாவை அவர் முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கலாம். 'பகுதி' என்றால் என்ன? ஒரு திட்டமா? ஒரு வாக்கியமா? ஒரு சொல்லா? ஓர் எழுத்தா? சட்டம் சொல்லவில்லை. அந்த ஓட்டையில் இரு கட்சி ஆளுநர்களும் நுழைந்து வந்தனர்.

எழுத்துகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக அடித்துப் புதுச் சொற்களையே உண்டாக்கினர். மக்கள் சினந்து 1990-இல் திருத்தம் கொண்டுவந்து அதைத் தடுத்தனர். 2005-இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜிம் டாயில், பல வாக்கியங்களிலிருந்து 752 சொற்களை அடித்துவிட்டு 20 சொற்களை மட்டும் மிச்சம் வைத்தார். அவற்றை ஒட்டிப் படித்தால், போக்குவரத்து நிதியிலிருந்து 40 கோடி டாலருக்கும் மேல் வேறு செலவுக்கு மாற்றும் புது வாக்கியம் ஒன்று பிறந்தது! 2008-இல் மறுபடி ஒரு திருத்தம்: வெவ்வேறு வாக்கியங்களின் துண்டுகளை இணைத்துப் புது வாக்கியம் உண்டாக்கக் கூடாது. ஆனால் இலக்கங்களைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். 2017-இல் ஆளுநர் வாக்கர், பள்ளிகளின் எரிசக்திச் செலவு பற்றிய ஒரு தடை 2018 டிசம்பர் 31 வரை என்றிருந்ததில் சில குறிகளை அடித்து, அதை 3018 டிசம்பர் வரை நீட்டினார். ஆயிரம் ஆண்டு!

அதே வித்தையை 2023 ஜூலை 5 அன்று எவர்ஸ் கையாண்டார். விஸ்கான்சினில் 1993 முதல், ஒரு பள்ளி மாவட்டம் மாநிலப் பொது உதவியாலும் உள்ளூர்ச் சொத்து வரியாலும் மாணவர் ஒருவருக்கு இவ்வளவுதான் திரட்டலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2021-23 காலத்தில் அது சிறிதும் உயரவில்லை. விலைவாசி மட்டும் உயர்ந்தது. ஆகவே 2023-இல் இரு தரப்பும் பேசி, 2023-24 கல்வியாண்டிலும் 2024-25 கல்வியாண்டிலும் மாணவர் ஒருவருக்கு 325 டாலர் வீதம் வரம்பை உயர்த்த உடன்பட்டனர்.

மாணவியரே, ஒரு தாளை எடுங்கள். '2023-24 கல்வியாண்டும் 2024-25 கல்வியாண்டும்' என்று எழுதுங்கள். முதலில் உள்ள 2023-ஐ விட்டுவிட்டு, அதற்கு அடுத்துள்ள 24-ஐயும் கல்வியாண்டு என்ற சொற்களையும் அடியுங்கள். பிறகு '2024-25' என்பதில் முன்னால் உள்ள 20-ஐயும், நடுவில் உள்ள சிறு கோட்டையும் அடியுங்கள். என்ன மிஞ்சுகிறது? 2023, அதன் பின் 2425! இரண்டு ஆண்டுக்கு என்று எழுதிய உயர்வு, கி.பி. 2425 வரை ஆண்டுதோறும் நடக்கும் உயர்வாகிவிட்டது. எழுத்தை அடித்துச் சொல் ஆக்கவில்லை, வாக்கியங்களையும் ஒட்டவில்லை, சில சொற்களையும் எண்களையும் மட்டுமே அடித்தார். நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். பத்தாண்டில் 3,250 டாலர். நானூறு ஆண்டில் 1,30,000 டாலர். ஒரு மாணவருக்கு!

வரி செலுத்துவோர் இருவர் வழக்குத் தொடுத்தனர். 2025 ஏப்ரல் 18 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் ஆளுநர் செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நானூறு ஆண்டு என்பது வியப்பூட்டுவதே என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும் அரசியலமைப்பின் சொற்கள் அதைத் தடுக்கவில்லை. வேண்டுமானால் அவை புதிய சட்டத்தாலோ மக்கள் திருத்தத்தாலோ மாற்றிக்கொள்ளலாம் என்றனர். மற்ற மூவரும், அவை இயற்றாத சட்டத்தை ஆளுநர் தாமே இயற்றிவிட்டார் என்று கண்டித்தனர்.

எங்கள் வகுப்பில் எழுந்த விவாதம்

இதை வகுப்பில் விவாதித்தபோது நாங்கள் இரு அணியாகப் பிரிந்தோம். "பள்ளிகளுக்காகத்தானே செய்தார்? பல ஆண்டு பட்டினி போட்டவர்களிடம் வேறு எப்படிப் பெறுவது?" என்றனர் ஓரணியினர். "வரம்பு உயர்ந்தால் பணம் வானத்திலிருந்து கொட்டுமா?" என்றனர் மற்றோர் அணியினர். இவ்வினாவிலும் நியாயம் உண்டு. ஆளுநர் உயர்த்தியது வரம்பை மட்டுமே. மாநில உதவியை உயர்த்த அவை ஒப்ப வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் பொது உதவி உயரவில்லை. அப்போது பள்ளி மாவட்டங்களுக்கு எஞ்சிய வழி வீட்டு வரியை உயர்த்துவதே. ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும் அந்த வரியைக் கட்ட வேண்டும். கல்விக்குப் பணம் வேண்டும் என்பது சரி. அது யார் பையிலிருந்து வரும் என்பதை இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்யாவிடில், நடுவில் நிற்கும் எளியவரே சுமக்கிறார்.

இறுதியில் நாங்கள் ஓர் அளவுகோலைக் கண்டோம். நமக்குப் பிடித்தவர் கையில் ஓர் அதிகாரம் இருக்கும்போது, அதே அதிகாரம் நமக்குப் பிடிக்காதவர் கையில் இருந்தால் ஏற்போமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நானூறு ஆண்டைப் போற்றுபவர் ஆயிரம் ஆண்டையும் போற்ற வேண்டும். ஆயிரத்தைப் பழிப்பவர் நானூற்றையும் பழிக்க வேண்டும். கூட்டத்தை நொடியில் முடித்த அவையையும் இதே கோலால் அளக்க வேண்டும். பேச மறுப்பது ஒரு தரப்பின் குற்றமானால், பேசி முடித்ததைப் பேனாவால் மாற்றுவது மறு தரப்பின் குற்றமே. ஆளுக்கொரு நீதி என்றால் அது நீதியன்று.

கோடு மாறியது, குணமும் மாறியது

இப்பூசலுக்கு ஒரு திருப்பம் வந்தது. 2023 டிசம்பர் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம், அதுவும் 4-க்கு 3 என்ற கணக்கில்தான், பழைய தொகுதி எல்லைகள் செல்லா என்றது. ஒரு தொகுதி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. பல தொகுதிகளோ தீவு தீவாகத் துண்டுபட்டுக் கிடந்தன. ஆளுநர் முன்வைத்த எல்லைகளை அவையே நிறைவேற்ற, 2024 பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்டார். அந்நவம்பரில் நடந்த தேர்தலில் குடியரசுக் கட்சி கீழவையில் 54-க்கு 45 என்றும், செனட்டில் 18-க்கு 15 என்றும் குறுகிய பெரும்பான்மையே பெற்றது.

விளைவு என்ன தெரியுமா? 2025 வரவு செலவுத் திட்டத்துக்குச் செனட்டில் ஆளுங்கூட்டத்தினர் சிலரே மறுப்புச் சொன்னபோது, எதிரணியின் வாக்கின்றி நிறைவேற்ற இயலாமல் போயிற்று. எனவே இரு தரப்புத் தலைவர்களும் ஆளுநரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினர். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் கல்விச் செலவில் மாநிலம் திருப்பித் தரும் பங்கை இரண்டாம் ஆண்டில் 45 விழுக்காடாக உயர்த்த ஒப்பினர். ஜூலை 3 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், ஆளுநர் கையெழுத்திட்டார். ஒருவருக்கும் முழு மகிழ்ச்சி இல்லை. ஆனால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆறாண்டு வழக்கும் வீட்டோவும் தராததை, ஒருவர் தயவு மற்றவருக்குத் தேவைப்பட்ட நிலை தந்தது.

முடிவுரை

ஆளுநரும் அவையும் மோதுவதே தவறு என்று நாங்கள் கூறவில்லை. ஒருவர் மற்றவரைத் தடுத்து நிறுத்தவே அதிகாரம் பிரித்து வைக்கப்பட்டது. ஆனால் தடுப்பது வேறு. கேட்க மறுப்பது வேறு. ஒரு கை தட்டினால் ஓசை எழாது. பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காகக் காதை மூடிக்கொள்வதும், பேனா இருக்கிறது என்பதற்காக எண்ணை மாற்றுவதும், மக்கள் கொடுத்த அதிகாரத்தை மக்களுக்கே எட்டாமல் செய்வதாகும்.

இன்னும் சில ஆண்டுகளில் நாமும் வாக்காளராவோம். அப்போது எந்தக் கட்சி வென்றது என்று கேட்பதோடு நில்லாமல், தொகுதிக் கோட்டை யார் வரைந்தார், சட்டத்தின் சொற்களில் எங்கே ஓட்டை உள்ளது, பள்ளிக்கான பணத்தை யார் கட்டுகிறார் என்றும் கேட்போமாக! விழிப்புள்ள குடிமக்கள் இருக்கும் நாட்டில் ஆளுநரும் தவறமாட்டார், அவையும் தவறாது.

வாழ்க மக்களாட்சி!

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)